சிஎம் 01/02 ஓடேல்லையா? என்ன செய்யுதெண்டு சொல்லுங்கோ, பாப்பம்

நான் கிளிநொச்சியில கொம்பியூட்டர் திருத்துற ஆள். மாசத்தில ஒருக்காவாவது ஒரு போன் வரும், "அண்ணை உந்தப் பழைய சம்பியன்ஷிப் மனேஜர் இருக்கெல்லோ, இறக்கிப் போட்டிட்டன், கிளிக் பண்ணினா ஒண்டும் நடக்குதில்லை" எண்டு. கேக்கிறது எல்லாம் ஏறக்குறைய என்ர வயசுக்காரர், நாப்பதைத் தொட்ட ஆக்கள், ஒருத்தர் பரந்தனில கடை வச்சிருக்கிறார், ஒருத்தர் ரொறன்ரோவில லொறி ஓட்டுறார், ஒருத்தர் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறார், ஆனா கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒண்டுதான். வட்ஸப்பில வொய்ஸ் போட்டுப் போட்டு வாய் நொந்துபோச்சு. இனி யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்புவன்.

தெரியாத சின்னப் பெடியளுக்கு ஒரு சொட்டு விளக்கம். சிஎம் 01/02 எண்டது அந்தச் சம்பியன்ஷிப் மனேஜர்தான், 2001 ஒக்ரோபரில வந்த கேம், ஸ்போர்ட்ஸ் இன்ரறக்ரிவ் செய்தது, ஐடோஸ் வெளியிட்டது. புட்போல் கேம்தான், ஆனா பந்தைக் காணமாட்டியள். நீங்கள் மனேஜர், ஆள் வாங்குறது, ரீம் போடுறது, திட்டம் போடுறது எல்லாம் உங்கட வேலை, மட்ச் நடக்கேக்க வெறும் எழுத்து ஓடும், கோல் விழுந்தா அந்த வரி பளிச் பளிச்செண்டு மின்னும், அவ்வளவுதான். வட்டம் வட்டமா ஆக்கள் ஓடுறதைப் பாக்கிறது 2003இல வந்த சிஎம் 4இலதான் தொடங்கினது. அந்த எழுத்தைப் பாத்துக்கொண்டு நாங்கள் கதிரை நுனியில இருந்த இருப்பை இண்டைக்கு பிளேஸ்ரேசனில ஆள்ற வேர்வைத்துளி தெரியிற கேம் விளையாடுற என்ர மகனுக்கு விளங்கப்படுத்தவே ஏலாது.

எங்களுக்கு அது வந்தது 2003இல. மூடிக் கிடந்த ஏ9 றோட்டு திறந்து அடுத்த வருசம் லண்டனில இருந்து பெரியம்மாவின்ர மகன் வந்தவர், நல்லூர்த் திருவிழாவுக்குப் போற வழியில முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைச்சு கச்சானும் வாங்கிக்கொண்டு எங்கட வீட்டில ரெண்டு நாள் நிண்டிட்டுப் போனார், போகேக்க சொக்லேற் பெட்டியோட இந்தச் சிடியையும் தந்திட்டுப் போனார். அப்ப கிளிநொச்சியில லைன் கறண்ட் இல்லை. ஒரு கொம்பியூட்டர் சென்ரரில பின்னேரம் ஜெனரேற்றர் போடுற நேரம் மட்டும் விளையாட்டு, பென்ரியம் 3 மெசின், அதுக்கு முன்னால மூண்டு பேர். நான் டேர்பி கவுன்ரி, முதலாளியின்ர மகன் ஆர்சனல், மற்றவன் லீட்ஸ். மற்றவனுக்கு ஊரில பேர் கீப்பர், உருத்திரபுரத்து மைதானத்தில கோல் காத்தவன், கேமிலயும் மனேஜர் பேர் கேக்கேக்க அதைத்தான் அடிச்சவன்.

சரி, திருத்தலுக்கு வருவம்.

எந்தக் கோளாறாயிருந்தாலும் முதல் பாக்க வேண்டியது

கேமை எங்க வச்சிருக்கிறியள்? வாற பத்துப் பிரச்சினையில ஆறு ஏழு இதாலதான். இன்ஸ்ரோல் பண்ணேக்க அது தானா சி டிரைவில புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள்ள போய் இருந்திடும். 2001இல அது சரி. விஸ்ரா தொடக்கம் வந்த வின்டோஸ் எல்லாம் அந்தப் போல்டருக்குள்ள ஒரு புரோகிராமையும் தன்ர பாட்டில எழுத விடாது, இந்தக் கேமோ தன்ர சேவ் எல்லாத்தையும் தான் இருக்கிற இடத்திலயே எழுதப் பாக்கும். அதால முதல் வேலை, சி டிரைவில வெளியாலயே சிஎம்0102 எண்டு ஒரு போல்டர் போட்டு கேமை அதுக்குள்ள இன்ஸ்ரோல் பண்ணுங்கோ. டெஸ்க்ரொப்பில வைக்கவேண்டாம், வன்ட்ரைவ் போல்டருக்குள்ளயும் வைக்கவேண்டாம், அது கேம் எழுதிக்கொண்டிருக்கேக்கயே பைலை மேல ஏத்தப் பாக்கும், ரெண்டும் இழுபறிப்படும்.

இதைச் செய்திட்டு ஒருக்காத் திறந்து பாருங்கோ. சரிவந்தா மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை, போய் விளையாடுங்கோ.

"கிளிக் பண்ணினா ஒரு சத்தமும் இல்லை, ஒண்டும் வரேல்லை"

மூண்டு காரணம் இருக்கலாம்.

ஒண்டு, சிப் பைலை விரிக்காமலே அதுக்குள்ள இருந்து நேரா கிளிக் பண்ணுறியள். சிரிக்கவேண்டாம், படிச்ச ஆக்களும் இதைத்தான் செய்யினம். வின்டோஸ் சிப்பைத் திறந்து காட்டும்தான், ஆனா கேமைத் தொடக்கேக்க அந்த ஒரு பைலை மட்டும் எங்கயோ ரெம்பறறி இடத்தில எடுத்துப் போட்டு ஓட்டும், பக்கத்தில இருக்கவேண்டிய டேற்றா போல்டர் இராது, கேம் தேடிப்பாத்திட்டுச் செத்துப்போகும். ரைட் கிளிக், எக்ஸ்ராக்ட் ஓல், பிறகு கதையுங்கோ.

ரெண்டு, அன்ரிவைரஸ். இந்தக் கேமை ஓட்டுற ஈஎக்ஸ்ஈ பைலை ஆக்கள் கை வச்சு மாத்தியிருக்கினம், சிடி கேக்காமல் இருக்க, வேகம் கூட்ட எண்டு. அப்பிடிக் கை வச்ச பைலைக் கண்டா வின்டோசோட வாற அன்ரிவைரஸ் டிபென்டருக்கு உடன சந்தேகம், உங்களைக் கேளாமலே தூக்கி உள்ள வச்சிடும். வின்டோஸ் செக்கியூரிற்றிக்குள்ள போய் புரொரெக்ஷன் ஹிஸ்ரறியைப் பாருங்கோ, அங்க இருந்தா ரெஸ்ரோர் குடுங்கோ. ஆனா கண்ட கண்ட இடத்தில இறக்கின பைலுக்கு இதைச் செய்யவேண்டாம், உண்மையா வைரசும் இருக்கலாம். கேமை 2008 கடைசியில இலவசமா விட்டிட்டினம், இருவது வருசமா இதைப் பராமரிக்கிற ரசிகர் கூட்டம் ஒண்டு இருக்கு, அவையிட்ட எடுங்கோ, கொழும்பில நடைபாதையில வாங்கின டிவிடியை விட அது ஆயிரம் மடங்கு துப்பரவு.

மூண்டாவது, கொம்பற்றிபிளிற்றி. ஈஎக்ஸ்ஈயில ரைட் கிளிக், புரொப்பட்டீஸ், கொம்பற்றிபிளிற்றி, அதில பழைய வின்டோஸ் மாதிரி நடிக்க எக்ஸ்பி சேர்விஸ் பாக் 2 அல்லது 3 தெரிவு செய்யுங்கோ. கனக்க மெசினில இது காணும்.

"சிடியைப் போடு எண்டு கேக்குது, சிடி உள்ளதான் கிடக்கு"

ஒறிஜினல் சிடி வச்சிருக்கிற ஆக்களுக்கு வாற கோளாறு இது. லண்டனில இருந்து பெட்டியோட கொண்டுவந்தன், காசு குடுத்து வாங்கின சாமான், ஏன் ஓடேல்லை எண்டு கோவிக்கினம், ஞாயம்தான். அந்தக் காலத்து கேம் சிடியளில கொப்பி அடிக்காமல் இருக்க ஒரு பூட்டு வச்சிருந்தவை, ஸேஃப்டிஸ்க் எண்டது அதில ஒண்டு. அந்தப் பூட்டுக்குச் சாவி மாதிரி வின்டோசுக்குள்ளயே ஒரு டிரைவர் இருந்தது, அதில பாதுகாப்பு ஓட்டை எண்டு 2015இல மைக்ரோசொப்ட் பழைய வின்டோசுகளில ஒரு அப்டேற்றால அதை நிப்பாட்டினது, வின்டோஸ் 10இல சேர்க்கவே இல்லை. வீட்டுக்காரனிட்ட பூட்டு இருக்கு, சாவி செய்த கடை மூடியாச்சு, அதுதான் நிலமை. சிடியை ஞாபகத்துக்கு அலுமாரியில வையுங்கோ, விளையாடுறதுக்கு இலவச வேர்ஷனைப் போடுங்கோ.

சிடியை வாசிக்கவே மாட்டன் எண்டு, சைக்கிளிக் ரிடண்டன்சி எண்டு ஒரு பிழை வந்தா அது வேற கதை. அது கீறல், இல்லாட்டி பூஞ்சணம். மெல்லிய துணியை ஈரமாக்கி நடுவில இருந்து விளிம்புக்கு நேரா துடையுங்கோ, வட்டமா தேய்க்கவேண்டாம், வட்டமாத் தேய்ச்சாக் கீறல் தடத்தோட போகும், லேசருக்கு அதுதான் ஆகக் கஷ்ரம். எல்லாரும் மினுங்குற பக்கத்தைத்தான் கண்ணாப் பாக்கினம், உண்மையில பேர் அச்சடிச்ச மேல் பக்கம்தான் ஆபத்தான பக்கம், டேற்றா இருக்கிற படலம் அந்த மைக்குக் கீழதான் கிடக்கு, மேல நகத்தால கீறினாலே போச்சு. மேல் பக்கம் உரிஞ்ச சிடியைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சா ஓட்டையா வெளிச்சம் தெரியும், அப்பிடித் தெரிஞ்சா என்னட்டக் கொண்டுவரவேண்டாம், வயலில காகம் கலைக்கக் கட்டுங்கோ.

வெளிச்சம் தெரியேல்லை எண்டா நம்பிக்கை இருக்கு. வேற வேற டிரைவில போட்டுப் பாருங்கோ, ஒண்டு கைவிட்டதை இன்னொண்டு வாசிக்கும், லப்ரொப் டிரைவை விட பழைய மேசைக் கொம்பியூட்டரின்ர பெரிய டிரைவ் நல்லா வாசிக்கும் எண்டது என்ர அனுபவம். வேகத்தைக் குறைச்சு வாசிக்கப் பண்ணுங்கோ, அதுக்கு இலவச புரோகிராம் இருக்கு. ஒருக்கா வாசிச்சா உடன முழுச் சிடியையும் ஐஎஸ்ஓ பைலா எடுத்து வச்சிடுங்கோ. 2021இல லண்டன் அண்ணை கராச்சைத் துப்பரவாக்கேக்க தான் 2005இல எங்களிட்ட எழுதிக்கொண்டு போன ஒரு சிடியைக் கண்டெடுத்தார், மேல பேனையால "கிளி சேவ்" எண்டு கிறுக்கியிருந்தது, அவர்ர டிரைவ் ரெண்டும் வாசிக்கேல்லை, பக்கத்து வீட்டுக்காரரின்ர பழைய மெசின் ஒரு இரவு முழுக்க ஓடி வாசிச்சது. அதைப் பற்றிப் பேந்து சொல்லுறன்.

"டவுன்லோடே பண்ண விடுதில்லை, பாதுகாப்பில்லை எண்டு சிவப்பாக் காட்டுது"

கொம்பியூட்டரின்ர மணிக்கூட்டைப் பாருங்கோ. மதர்போட்டில இருக்கிற காசு மாதிரி பற்றரி, சிஆர் 2032, செத்துப்போனா ஒவ்வொருக்கா நிப்பாட்டேக்கயும் திகதி பழைய வருசத்துக்கு ஓடிடும், பிறவுசருக்கு எல்லாத் தளத்தின்ர சான்றிதழும் பிழையாத் தெரியும். பற்றரியை மாத்துங்கோ, சில்லறைக் காசு வேலை.

இடையில ஒண்டு. எங்கட சென்ரர் மெசினில மணிக்கூடு எப்பவும் சண்டைதான், 1996இல தெற்கில மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினவை, வன்னி பழைய நேரத்திலயே நிண்டது, 2006 சித்திரையில திருப்பி எல்லாம் ஒண்டாகும் வரைக்கும் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினா அரை மணித்தியாலம் வித்தியாசம். வவுனியாவில இருந்து வந்த ஆள் மெசினில தன்ர நேரத்தை வச்சிட்டுப் போவார், முதலாளி வந்து திருப்பி மாத்துவார். ஜெனரேற்றர் எப்ப நிப்பாட்டுறது எண்டதில நாங்கள் எங்களுக்கு வசதியான நேரத்தைக் காட்டி அரை மணித்தியாலம் கூட விளையாடியிருக்கிறம்.

"ஸ்கிறீன் கறுப்பு", "நிறம் எல்லாம் பச்சை ஊதா", "எழுத்து அகலமா இழுபட்டுக் கிடக்கு"

மூண்டுக்கும் வேர் ஒண்டுதான். கேம் 800க்கு 600 அளவில வரையும், டைரக்ட்டிரோ எண்ட பழைய முறையில வரையும். புது வின்டோஸ் அதை ஒழுங்கா ஆதரிக்கிறதில்லை, ஒப்புக்கு ஒரு நடிப்பு நடிக்கும், சில கிராபிக்ஸ் காட்டில நடிப்பு சரிவராது. ஓல்ட் ராப் அமத்தி வெளிய போட்டுத் திரும்பி வந்தா கறுப்பாகிறதும் இதாலதான்.

டிஜிவூடூ எண்டு ஒரு சின்ன இலவச சாமான் இருக்கு. அதுக்குள்ள இருக்கிற டிடிரோ டிஎல்எல் பைலைக் கேம் போல்டருக்குள்ள, ஈஎக்ஸ்ஈக்குப் பக்கத்தில போட்டா காணும், கேம் பழைய பாசையில கதைக்கிறதை அது புதுக் காட்டுக்கு மொழிபெயர்த்துக் குடுக்கும். அதிலயே விண்டோவா ஓடவும் வைக்கலாம், அப்ப ஒரு பக்கத்தில கேம் மற்றப் பக்கத்தில வேலை, முதலாளிமார் மன்னிக்கவேணும்.

இழுபடுறதுக்கு கிராபிக்ஸ் காட்டின்ர செற்றிங்கில ஸ்கேலிங்குக்குப் போய் அஸ்பெக்ட் றேசியோவை மாத்தாமல் வைக்கச் சொல்லுங்கோ, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டி வரும், நடுவில பழைய ரிவி மாதிரி நிக்கும். எனக்கு அதுதான் வடிவு.

"நேற்று ராத்திரி சேவ் பண்ணினன், இண்டைக்குக் காணேல்லை"

ஆகக் கூட வாற போன் இதுக்குத்தான், அழாக்குறையாக் கதைப்பினம். அழவேண்டாம், பெரும்பாலும் சேவ் பத்திரமா இருக்கு, நீங்கள் பாக்கிற இடத்தில இல்லை, அவ்வளவுதான்.

நடக்கிறது இதுதான். கேம் புரோகிராம் பைல்சுக்குள்ள இருக்கு, எழுதப் போகுது, வின்டோஸ் நேரா மாட்டன் எண்டு சொல்லாமல் "ஓம் ஓம் எழுது" எண்டு தலையாட்டிட்டு வேற ஒரு இடத்தில எழுதி வைக்கும். உங்கட யூசர் போல்டருக்குள்ள ஆப்டேற்றா, அதுக்குள்ள லோக்கல், அதுக்குள்ள வேர்ச்சுவல்ஸ்ரோர். ஆப்டேற்றா ஒளிச்சிருக்கிற போல்டர், வியூவுக்குள்ள போய் ஹிடன் ஐற்றம்ஸைப் போட்டாத்தான் தெரியும். நேற்று சாதாரணமாத் திறந்தனியள், சேவ் அங்க போச்சு. இண்டைக்கு யாரோ யூரியூப்பில சொன்னான் எண்டு றன் அஸ் அட்மினிஸ்றேற்றர் குடுத்துத் திறந்தியள், அட்மினா ஓடேக்க கேம் உண்மையான போல்டரை மட்டும்தான் பாக்கும், அங்க ஒண்டும் இல்லை. நாளைக்குத் திருப்பி சாதாரணமாத் திறந்தா சேவ் திரும்பி வந்திடும், ஆவி மாதிரி. ஒருத்தர் என்னட்ட கேமுக்கு செய்வினை எண்டே சொன்னவர்.

வேர்ச்சுவல்ஸ்ரோருக்குள்ள போய் எஸ்ஏவி எண்டு முடியிற பைல் எல்லாத்தையும் கொப்பி பண்ணி, மேல சொன்ன புதுப் போல்டருக்குள்ள கொண்டுவந்து போடுங்கோ. இனிமேல் கேமையும் அங்க இருந்தே ஓட்டுங்கோ. முடிஞ்சுது.

"சேவைத் திறக்கேக்க பாதியில நிண்டுபோகுது"

இது வேற, இதில ஒளிச்சுப் பிடிச்சு விளையாட ஒண்டுமில்லை, பைல் உடைஞ்சிருக்கு. கேம் சேவ் பண்ணேக்க பழைய சேவுக்கு மேலயே எழுதுது, எழுதி முடிய முதல் கறண்ட் போனா பழையதும் இல்லை புதியதும் இல்லை. 2003இல எங்களுக்கு இது கிழமைக்கு ஒருக்கா. ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் முடியிறது இருமல் மாதிரி ஒரு சத்தத்தில தெரியும், அந்த இருமல் கேட்டாச் சேவ் பண்ணக்கூடாது எண்டதுதான் எங்கட சட்டம், அந்த நேரம் பாத்துச் சேவ் பண்ணித்தான் என்ர டேர்பி எவ்ஏ கப் எடுத்த சீசன் முழுக்கப் போனது. யுபிஎஸ் இருந்தது, அதின்ர பற்றரி எப்பவோ செத்து, கீய் கீய் எண்டு கத்திறதுக்கு மட்டும் இருந்தது.

திருத்த வழியில்லை, தடுக்க வழி இருக்கு. ஒரே பேரில சேவ் பண்ணாமல் ரெண்டு பேரை மாறி மாறிப் பாவியுங்கோ, இண்டைக்கு ஒண்டு, நாளைக்கு ரெண்டு. உடைஞ்சா ஒரு நாள்தான் போகும். பைலை வேற இடத்தில ஒண்டும் வையுங்கோ, வேற அறையில எண்டு சொல்லேல்லை, வேற ஊரில. 2008இல இடம்பெயரேக்க முதலாளி ஹார்ட் டிஸ்க்குகளைக் கழட்டி பொலித்தீனால சுத்தி, பிளாஸ்ரிக் வாளிக்குள்ள போட்டு மாமரத்துக்குக் கீழ தாட்டவர். அப்ப எல்லாரும் அப்பிடித்தான், ஆக்கள் தையல் மெசினையே தாட்டிட்டுப் போனவை. 2010இல மீளக்குடியேறி வந்து தோண்டினம், மரம் இல்லை, இடம் பிடிக்கவே ஒரு நாள் போச்சு. வாளி இருந்தது. உள்ள தண்ணி. டிஸ்க்கின்ர நாப்பது பின்னும் துரும்பாய்ப் போய்க் கையோட வந்தது.

சேவ் எடுத்த அதே வேர்ஷனில திறக்கிறதும் முக்கியம். ஐடோஸ் விட்ட கடைசித் திருத்தம், பாட்ச் எண்டுறது, 3.9.68, அதுக்கு மேல ரசிகர் செய்த டபானி மாதிரி பாட்ச்சுகள் இருக்கு, அதில தொடங்கின சேவை வெறும் கேமில திறந்தா முழுசி முழுசிப் பாக்கும். எதில எடுத்ததெண்டு பைல் பேரிலயே எழுதி வையுங்கோ.

"பயங்கர ஆறுதலா ஓடுது"

கனக்க நாட்டு லீக்கைத் தெரிவு செய்திட்டியள், டேற்றாபேசையும் ஆகப் பெரிசா வச்சிருக்கிறியள். குறையுங்கோ. இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின் காணும்.

"கேம் பிழையா நடக்குது" எண்டு சொல்லுறது, ஆனா பிழை இல்லை

ஆளைத் திறந்தாப் புள்ளியள் வெறுமையாக் கிடக்கு எண்டு ஒருத்தர். அது இந்தப் பதிப்பில புதுசா வந்த விசயம், உங்களுக்குத் தெரியாத ஆளின்ர 1இல இருந்து 20 வரையான புள்ளியள் மறைஞ்சுதான் இருக்கும், ஆள் தேடிப் பாக்கிற ஸ்கௌட்டை அனுப்பிப் பாக்கவேணும்.

கேமில பேர்போன ரோ மடெய்ராவைக் காணேல்லை எண்டு இன்னொருத்தர். காணமாட்டியள், அப்பிடி ஒரு விளையாட்டுக்காரனே உலகத்தில இல்லை, போர்த்துக்கல் பக்கத்துக்கு டேற்றா சேர்த்த ஒருத்தர் தன்னைத்தானே சூரனாக்கி உள்ள சொருகிவிட்டவர், பாட்ச் போட்டா ஆள் அவுட். ஆனா அந்த வேலையைச் செய்ய வாய்ப்புக் கிடைச்சா நாங்கள் விட்டிருப்பமோ, சொல்லுங்கோ.

மக்சிம் சிகால்கோவை வாங்கினன், வரேல்லை எண்டு கனபேர். டினமோ மின்ஸ்க் பெடியன், கேமில கோல் மழை. அவன் பெலாருஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிய, இங்கிலாந்து கிளப் எண்டா வேர்க் பேர்மிற் வேணும். அது அந்தக் காலத்தில அங்க உண்மையாவே இருந்த சட்டம், கடைசி ரெண்டு வருசத்தில நாட்டுக்காக நூற்றுக்கு எழுவத்தைஞ்சு வீதம் மட்ச் ஆடியிருக்கவேணும், நாடும் பீபா வரிசையில முதல் 70க்குள்ள நிக்கவேணும். சின்ன வயசு, நாட்டு ரீமில கனக்க ஆடாத ஆளுக்கு மாட்டன் எண்டுடும். அப்பீல் போட்டுப் பாருங்கோ, இல்லாட்டி வேற நாட்டு கிளப்பை எடுங்கோ. ஊரை விட்டு வெளிக்கிடப் பாஸ், கொழும்பில நிக்கப் பொலிஸ் பதிவு, லண்டன் போக விசா எண்டு நிண்ட எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, கீப்பர் அந்த மறுப்புக் கடிதத்தை ஸ்கிறீனில வாசிச்சிட்டு "இஞ்சயுமோடா" எண்டவன். நிசத்தில சிகால்கோ காயத்தால 26 வயசிலயே விளையாட்டை விட்டவர், 2020 டிசம்பரில செத்துப்போனார், 37 வயசு. கேமில பேர்போன இன்னொரு பெடியன் செர்னோ சம்பா, நிசத்தில மில்வோலின்ர முதல் ரீமில ஒரு மட்ச்சும் ஆடேல்லை. என்ர டேர்பியைத் தூக்கி நிறுத்தின ரொன்ரன் சோலா மூக்கோக்கோவும் நிசத்தில டேர்பி முதல் ரீமில இறங்கினதில்லை. நிச டேர்பி 2002இல கீழ் லீக்குக்குப் போச்சு, நிச லீட்ஸ் 2004இல கீழ போச்சு, பேப்பரின்ர கடைசிப் பக்கத்தில அதை வாசிச்ச அண்டு பின்னேரம் கீப்பரின்ர லீட்ஸ் ரெண்டாந்தரமா லீக் எடுத்துக்கொண்டு நிண்டது.

"கொன்ரினியூ அமத்தினா நாள் நகருதில்லை"

ஒருத்தரும் இதைப் போனில கேட்டதில்லை, எனக்கே வந்ததுதான். ஆனா கூட்டா விளையாடின பழைய சேவைத் திறக்கிற ஆக்களுக்குக் கட்டாயம் வரும், அதால எழுதுறன்.

லண்டன் அண்ணை அனுப்பின சிடியில இருந்த சேவ் திறந்தது. 3.9.60இல எடுத்தது, அதே வேர்ஷனைத் தேடிப் போட்டுத்தான் திறந்தன். டேர்பி ஆறாமிடம். என்ர நாளை முடிச்சுக் கொன்ரினியூ அமத்தினன். முதலாளியின்ர மகன் இப்ப பிரான்சில, வீடியோ கோலில இருந்துகொண்டு தன்ர ஆர்சனலுக்கு என்னைக்கொண்டு ரீம் போடுவிச்சான், அதையும் அமத்தினன். பிறகு நிண்டுபோச்சு. ஹாங் ஆகிட்டுது எண்டு ரெண்டுதரம் நிப்பாட்டித் திறந்தன்.

ஹாங் ஆகேல்லை. ஒரு சேவில எத்தினை மனேஜர் இருக்கினமோ அத்தினை பேரும் தங்கட வேலையை முடிச்சாத்தான் கேம் அடுத்த நாளுக்குப் போகும். ஸ்கிறீனின்ர மேல் மூலையைப் பாத்தா யாருக்காக நிக்குதெண்டு தெரியும். லீட்ஸ், கீப்பர். வாசிக்காத செய்தி ஏழு. அவன்ர கோலி ஒருத்தனுக்குக் காயம் எண்டு ஒரு செய்தி.

வழி ரெண்டு இருக்கு. ஒண்டு, அந்த மனேஜரை ரிற்றயர் பண்ணுறது, மெனுவில இருக்கு, ஓம் குடுத்தா ஆள் கேமை விட்டுப் போயிடும், லீட்சுக்கு கேம் வேற மனேஜரைப் போடும், திருப்பி எடுக்க ஏலாது. மற்றது, ஹொலிடே. மனேஜர் லீவில போறார் எண்டு வைக்கலாம், ரீமைத் துணை மனேஜர் பாத்துக்கொள்ளுவார், மற்றாக்கள் தங்கட பாட்டில விளையாடலாம், அவர்ர இடம் அப்பிடியே இருக்கும். பிரான்சில இருந்து அவன் ரிற்றயர் பண்ணிவிடு எண்டு சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. சண்டையின்ர கடைசியில, 2009 மாசியில, மாத்தளனில கீப்பரைக் கண்ட ஆக்கள் இருக்கினம், அதுக்குப் பிறகு கண்ட ஆக்கள் இல்லை. அவன்ர அம்மா, காணாமல் போனாக்களின்ர சொந்தங்கள் 2017 மாசியில போராட்டம் தொடங்கின நாளில இருந்து கந்தசுவாமி கோயிலடியில படத்தோட போய் இருக்கிறவ, கடைக்குப் போற வழியில நான் காணுறனான்.

ஹொலிடே குடுத்தா எப்ப திரும்புவார் எண்டு திகதி கேக்கும். நான் ஒரு சீசன் தள்ளி வச்சனான். அந்தத் திகதி வந்தவுடன கேம் திருப்பியும் அவனுக்காக நிக்கும், அப்ப பயப்படவேண்டாம், பழுது இல்லை, போய் இன்னொரு சீசன் தள்ளி வையுங்கோ. நான் இதுவரைக்கும் நாலுதரம் வச்சிட்டன். லீட்ஸ் மூண்டாமிடம்.